தோட்டத்து வீட்டுக்கு எத்தனை வோல்ட்?

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடையே தொடங்கி, வடக்கே வேடசந்தூர், குஜிலியம்பாறை வரை விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில் மின்கம்பம் எட்டாத ஊர் என்று இன்று எதையும் சுட்டுவது கடினம். ஆனால் ஊர் வேறு, தோட்டம் வேறு. முருங்கைக் காட்டின் நடுவிலும் மாந்தோப்பின் கோடியிலும், கடைசிக் கம்பத்திலிருந்து அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கட்டப்படும் வீட்டிற்கு மின்சாரம் கொண்டுவர வேண்டுமெனில், இடையிலுள்ள கம்பங்களுக்கும் கம்பிக்கும் ஆகும் செலவோடு, கம்பி கடந்து செல்லவேண்டிய அடுத்தவர் நிலத்திற்கான ஒப்புதலும் தேவைப்படுகிறது. கிணற்று மோட்டாருக்கென வழங்கப்படும் இலவச வேளாண் இணைப்போ வீட்டுக்கு உரியதன்று. இத்தகைய வீடுகளில் வாழ்வோர் கூரையில் சோலார் பேனலும் திண்ணையை ஒட்டிய அறையில் பேட்டரியும் வைத்துத் தமக்கான மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள முற்படும்போது, கடையில் முதலில் பேசப்படுவது பேனல் எத்தனை வாட் என்பதுதான். வீட்டின் சுவருக்குள் ஓடவிருக்கும் மின்சாரம் எத்தனை வோல்ட் என்ற, அதற்கும் முந்திய கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேனலிலிருந்து வருவதும் பேட்டரியில் சேமிக்கப்படுவதும் நேர்மின்சாரம். அதாவது ஒரே திசையில் ஓடுவது, பேச்சுவழக்கில் டிசி எனப்படுவது. மின்வாரியக் கம்பியில் வருவது மாறுமின்சாரம். விநாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவது, ஏசி எனப்படுவது, 230 வோல்ட் அழுத்தம் கொண்டது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை 12, 24 அல்லது 48 வோல்ட் என்ற தாழ்ந்த அழுத்தத்திலேயே விளக்குக்கும் விசிறிக்கும் நேராகக் கொண்டுசெல்லலாம். அல்லது இன்வெர்ட்டர் என்னும் கருவியால் அதை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, ஊர் வீடுகளில் உள்ளதைப் போன்றே ஒயரிங் செய்துகொள்ளலாம். இந்த இரண்டில் எது சரி என்பதற்குப் பொதுவான ஒரே விடை கிடையாது; வீட்டின் நீளமும் அதனுள் இயங்கவிருக்கும் பொருள்களும்தாம் விடையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் நீளம். ஒரு பொருளுக்கு வேண்டிய ஆற்றல் வாட் கணக்கில் மாறாதிருக்க, அழுத்தம் பாதியாகக் குறைந்தால் கம்பியில் ஓடவேண்டிய மின்னோட்டம் இரு மடங்காகிறது. கம்பியின் மின்தடையால் வெப்பமாக வீணாகும் ஆற்றலோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து நான்கு மடங்காகிறது. சான்றாக, பேட்டரியிலிருந்து 20 மீட்டர் தொலைவிலுள்ள அறையில் 60 வாட் சுமை இருப்பதாகவும், அதற்கு வழக்கமான 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுக்கப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். போக வர 40 மீட்டர் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.46 ஓம். 12 வோல்ட்டில் அக்கம்பியில் 5 ஆம்பியர் ஓட வேண்டியிருப்பதால் வழியிலேயே 2.3 வோல்ட் இழக்கப்பட்டு, பேட்டரி தரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அறையைச் சேராமல் சுவருக்குள் சூடாகிக் கழிகிறது. 24 வோல்ட்டில் அந்த இழப்பு நூற்றுக்கு 5 என்ற அளவிற்கும், 48 வோல்ட்டில் நூற்றுக்கு 1 சொச்சத்திற்கும் இறங்கிவிடுகிறது. 230 வோல்ட்டில் கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவாகிறது. மடையில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும்போது வாய்க்கால் மணல் குடித்தது போக எஞ்சுவதைத் திண்டுக்கல் உழவர் அறிவர். 12 வோல்ட் மின்சாரம் நீண்ட கம்பியில் படும் பாடும் அதுவே. தடித்த கம்பி போட்டால் இழப்பு குறையும் என்பது மெய்யாயினும், செம்பின் இன்றைய விலையில் அந்தப் பணத்திற்கு இன்னொரு பேனலே வாங்கிவிடலாம்.

இழப்பு கம்பியில் மட்டும் நேர்வதில்லை என்பதுதான் கேள்வியின் மறுபக்கம். இன்வெர்ட்டர் தன் வழியே செல்லும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்ற அளவைத் தானே எடுத்துக்கொள்வதோடு, எந்தப் பொருளும் இயங்காத நள்ளிரவிலும் விழித்திருப்பதற்கென்று ஓரளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அது 20 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 480 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய அரை யூனிட் ஆகிறது. இதைவிட வருந்தத்தக்க வீண் ஒன்றும் உண்டு. எல்இடி விளக்கும், பிஎல்டிசி எனப்படும் புதுவகை விசிறியும், கைப்பேசி சார்ஜரும், தொலைக்காட்சியும் உள்ளுக்குள் நேர்மின்சாரத்திலேயே இயங்குகின்றன. ஆகவே பேட்டரியிலுள்ள நேர்மின்சாரம் இன்வெர்ட்டரில் மாறுமின்சாரமாகி, விசிறியின் மூடிக்குள் இருக்கும் சிறு மின்சுற்றில் மீண்டும் நேர்மின்சாரமாகி, இரு முறை வரி கட்டிய பிறகே இறக்கையைச் சுழற்றுகிறது.

இந்த இரட்டை மாற்றத்தை ஒழிப்பதையே நோக்கமாகக் கொண்டு சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 48 வோல்ட் நேர்மின்சார வீட்டு அமைப்பு ஒன்றை உருவாக்கினர். அதன் பின்னணியில் தமிழ்நாட்டு மக்கள் மறக்காத ஒரு காலம் இருக்கிறது. 2008 முதல் ஆண்டுக்கணக்கில் நீடித்து 2012இல் உச்சத்தைத் தொட்ட மின்வெட்டில், சென்னைக்கு வெளியே ஒரு நாளின் பெரும்பகுதி இருளில் கழிந்தது. வேடசந்தூர்ப் பகுதியின் நூற்பாலைகள் முதல் திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகள் வரை அனைத்தும் அதன் அடியை வாங்கின. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்துவதற்கு மாற்றாக, ஒவ்வொரு வீட்டிற்கும் விளக்குக்கும் விசிறிக்கும் போதுமான சிறு அளவு நேர்மின்சாரத்தையேனும் இடைவிடாது வழங்க முடியாதா என்ற எண்ணத்தை அக்குழுவினர் முன்வைத்தனர். தொலைபேசி நிலையங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த 48 வோல்ட்டை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம், அது தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத எல்லைக்குள் இருப்பதும், அதே வேளையில் ஒரு வீட்டின் நீளத்திற்குக் கம்பி இழப்பு பொறுக்கத்தக்கதாக இருப்பதும் ஆகும். மின்கம்பம் எட்டாத ராஜஸ்தான் பாலைவனச் சிற்றூர்களில் ஏறத்தாழ 4,000 வீடுகளில் இந்த அமைப்பு நிறுவப்பட்டது. 2017இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 48 வோல்ட் நேர்மின் வழங்கலுக்கென ஐஎஸ் 16711 என்ற தரநிலையையும் வெளியிட்டது. ஆகவே தாழ்மின்னழுத்த வீடு என்பது ஏழைக்கு ஒதுக்கிய அரைகுறை ஏற்பாடு என்று ஒதுக்கத்தக்கதன்று. போரினால் 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தமிழர்களுக்கு, சில வோல்ட்டுகளின் மதிப்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திண்டுக்கல் பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்று, 2011இல் தமிழ்நாடு அரசு அறிவித்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற கணக்கில் ஊராட்சிப் பகுதிகளில் கட்டப்பட்ட அந்த 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் ஆகியவற்றுக்கு ஒன்றாகச் சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள் பொருத்தப்பட்டன. விரும்புவோர் மின்வாரிய இணைப்பும் பெற்றுக்கொள்ள வழி வைக்கப்பட்டது. விளக்குக்கு ஒரு தனி வழி, ஏனைய பொருள்களுக்கு 230 வோல்ட் என்ற ஈரடுக்கு ஏற்பாடு இவ்வாறு தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு அரசு வழியாகவே அறிமுகமாகியிருக்கிறது. அதே 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மூன்றும் 230 வோல்ட்டில் இயங்குபவை. தோட்டத்தில் புதுவீடு கட்டிக் குடியேறும் குடும்பம் மிக்ஸியையும் கிரைண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே வருகிறது என்பதால், முழுக்க முழுக்கத் தாழ்மின்னழுத்தத்தில் வாழலாம் என்ற அறிவுரை மாவரைக்கும் வீட்டில் நெடுநாள் நிற்காது.

எனவே கணக்கைப் பொருள்களிலிருந்து தொடங்குவதே முறை. நத்தம் பக்கத்து மாந்தோப்பில் பழக்காலத்தில் மட்டும் ஆள் தங்கும் காவல் கொட்டகையை எடுத்துக்கொண்டால், 5 வாட் விளக்கு இரண்டு ஆறு மணி நேரமும், 15 வாட் மேசை விசிறி ஒன்று எட்டு மணி நேரமும், ஒரு கைப்பேசியும் என்று ஒரு நாள் தேவை 200 வாட்-மணிக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே இன்வெர்ட்டர் வைத்தால், அது சும்மா இருப்பதற்குக் குடிக்கும் மின்சாரம் கொட்டகையின் மொத்தச் செலவைப் போல இரு மடங்காகிவிடும். பேட்டரியிலிருந்து எட்டடி தூரத்தில் எல்லாம் அமைந்துவிடுவதால் கம்பி இழப்பும் பொருட்டன்று. 75 வாட் பேனலும் 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரியும் போதும். 12 வோல்ட்டைத் தவிர வேறெதையும் இங்கே எண்ணவே வேண்டியதில்லை.

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டு முழுவதும் வாழும் வீட்டின் கணக்கு வேறு. 9 வாட் விளக்குகள் ஐந்து, ஐந்து மணி நேரம் எரிந்தால் 225 வாட்-மணி, தொலைக்காட்சிக்கு 200, மிக்ஸி 750 வாட் என்று மிரட்டினாலும் நாளைக்குப் பத்து நிமிடமே ஓடுவதால் 125, கிரைண்டருக்கு 75 என்று எல்லாம் சிறிதாக இருக்க, விசிறிதான் கணக்கைத் தலைகீழாக்குகிறது. பழைய வகை 75 வாட் கூரை விசிறிகள் மூன்று, பத்து மணி நேரம் சுழன்றால் 2,250 வாட்-மணி. அவற்றின் இடத்தில் 30 வாட் பிஎல்டிசி விசிறிகள் சுழன்றால் 900. இந்த ஒரு மாற்றம் மிச்சப்படுத்தும் 1,350 வாட்-மணி, எந்த வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தத் தேர்வினால் கிடைக்கக்கூடிய மிச்சத்தைவிடப் பெரியது. வோல்ட்டைப் பற்றிக் கடையில் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டுப் பழைய விசிறியையே மாட்டுவது பொருளற்ற செயல். குளிர்பெட்டியும் சேர்ந்தால் அன்றாடத் தேவை இரண்டரை யூனிட் அளவுக்கு வரும்; இச்சமவெளியின் வெயிலில் 1 கிலோவாட் பேனல், வெப்பத்தாலும் தூசியாலும் ஆகும் இழப்பு போக, நல்ல நாளில் மூன்றரை யூனிட் அளவுக்குத் தரக்கூடியது. பேனலின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 குறைகிறது என்பதால், சித்திரை நண்பகலில் கூரையின் மேல் 60 பாகையில் காயும் பேனல் எழுதிய வாட்டை ஒருபோதும் தருவதில்லை; தகரத்தோடு ஒட்டிப் பதிக்காமல் காற்று புகும்படி உயர்த்திப் பொருத்துவது அதனால்தான்.

இக்குடும்ப வீட்டிற்கு 230 வோல்ட் ஒயரிங்தான் தகும். ஆனால் சுவரில் ஓடும் வோல்ட் வேறு, பேட்டரி வரிசையின் வோல்ட் வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். 1,000 வாட் சுமையை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் இழுத்தால் 83 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 48 வோல்ட் வரிசையிலிருந்து இழுத்தால் 21 ஆம்பியர் போதும். கேபிள் சூடாவதும், முனைகளில் பச்சை பூத்து இணைப்பு தளர்வதும், மிக்ஸியைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடுவதும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் பிடிவாதத்தின் விளைவுகளே. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய-அமிலப் பேட்டரிகள் நான்கைத் தொடர்வரிசையில் இணைத்தால் 48 வோல்ட்டில் 7.2 யூனிட் சேமிப்பு கிடைக்கிறது; ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமல் இருந்தால்தான் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்பதால், அதில் பயன்கொள்ளத்தக்கது 3.6 யூனிட் என்று கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் மூட்டமான நாள்களைக் கடக்க அது உதவும்.

இவ்வாறு அமைத்த வரிசையில் பலர் செய்யும் ஒரு வேலையை அழுத்தமாகத் தடுத்தாக வேண்டும். நான்கு பேட்டரிகளில் ஒன்றின் இரு முனைகளிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்து விளக்குக்குக் கொடுத்தால், அந்த ஒன்று மட்டும் நாள்தோறும் கூடுதலாக வடிந்து, சார்ஜ் ஆகும்போது நிறையாமல் நின்று, ஓராண்டுக்குள் தானும் கெட்டு மற்ற மூன்றையும் கெடுத்துவிடும். 48 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வேண்டுமெனில் அதற்கென்று உள்ள டிசி-டிசி மாற்றியைப் பயன்படுத்துவதே முறை. பேனலிலும் இத்தகைய பொருத்தக் கேடு உண்டு: 24 வோல்ட் வகைப் பேனலை, விலை குறைந்த பிடபிள்யூஎம் கட்டுப்படுத்தி வழியாக 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால், கட்டுப்படுத்தி பேனலைப் பேட்டரியின் அழுத்தத்திற்கு இழுத்துவிடுவதால் ஏறக்குறைய பாதி ஆற்றல் வீணாகிறது; எம்பிபிடி எனப்படும் கட்டுப்படுத்தி உபரி அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றி அந்த இழப்பைத் தவிர்க்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தாழ்மின்னழுத்தம் முற்றிலும் தீங்கற்றது என்ற நம்பிக்கை பாதி உண்மை. 12 வோல்ட்டோ 48 வோல்ட்டோ மனிதரைத் தூக்கியெறிவதில்லை. ஆனால் வீட்டை எரிக்கக்கூடியது. முழுமையாக நிரம்பிய டியூபுலர் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பானரால் இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, உலோகம் நொடியில் பழுத்துச் சிவக்கும். ஆகவே பேட்டரியின் நேர்முனையை ஒட்டி ஃபியூஸ் இருப்பது கட்டாயம். மாறுமின்சாரம் விநாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைகிறது. நேர்மின்சாரத்திற்கு அந்த இடைவெளி இல்லாமையால், 230 வோல்ட் ஏசிக்கென்று விற்கும் எம்சிபி என்னும் தானியங்கித் துண்டிப்பு சுவிட்சை டிசி வழியில் பொருத்தினால் பொறி அறுபடாமல் நின்று சுவிட்சின் உட்பகுதி உருகத் தொடங்கும். டிசிக்குரிய எம்சிபியைக் கேட்டு வாங்க வேண்டும். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஓடும் திண்டுக்கல்லில் லாரிகளுக்கான மின்பொருள் கடைகளுக்குக் குறைவில்லை. லாரிகள் 24 வோல்ட்டில் இயங்குவதால் அந்த அழுத்தத்திற்கான ஃபியூஸ், சுவிட்ச் போன்றவை அங்கே கிடைக்கும் என்பது பலருக்குத் தோன்றாத வசதி.

230 வோல்ட் பக்கத்திலோ ஆபத்து உயிருக்கு நேரானது; அதிலும் மின்கம்பமில்லாத வீட்டிற்கே உரிய ஒரு நுட்பம் எலக்ட்ரீஷியன்களாலும் அடிக்கடி தவறவிடப்படுகிறது. கசிவு மின்சாரத்தைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி, ஊர் வீட்டில் வேலை செய்வதற்குக் காரணம், மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பி மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதும், உடல் வழியே மண்ணில் இறங்கும் மின்சாரம் அங்கே திரும்பிச் செல்ல வழி இருப்பதும்தான். தோட்டத்து வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. ஆகவே இன்வெர்ட்டரின் கையேடு அனுமதிக்கும் முறையில் அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைத்தாலன்றி, சுவரில் மாட்டிய ஆர்சிசிபி வெறும் அலங்காரமாகவே தொங்கும். ஈரம் வற்றிய செம்மண்ணில் எர்த் குழியின் தடை கோடையில் ஏறிவிடுவதால், அக்குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு வகை மின்சாரமும் ஒரே வீட்டில் ஓடுமானால் இரண்டிற்கும் ஒரே வகை பிளக் பாயிண்ட் வைப்பது பெரும் பிழை; குழந்தையின் கையிலுள்ள 12 வோல்ட் விசிறியின் பிளக் 230 வோல்ட் பாயிண்டில் நுழையவே முடியாதபடி வடிவம் மாறியிருக்க வேண்டும்.

கிணற்று மோட்டாரை இந்த ஏற்பாட்டிற்குள் இழுக்காமல் இருப்பது நல்லது. பேனலிலிருந்து நேராக ஓடும் சோலார் பம்பு பகலில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டால் நீரே சேமிப்பாகிவிடுகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இரவில் பேட்டரியால் ஓட்டுவது பேட்டரியின் ஆயுளைத் தின்பதாகும். அரசு உதவியை எதிர்பார்ப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 2024 பிப்ரவரியில் தொடங்கி, 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வழங்கும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீடுகளுக்கானது. அவற்றிலுள்ள வழக்கமான இன்வெர்ட்டரும் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும் இயல்புடையது. தோட்டத்து வீட்டில் அதை வாங்கி வைத்துப் பயனில்லை.

ஆகத் தோப்புக் கொட்டகைக்கு 12 வோல்ட். குடும்பம் வாழும் வீட்டிற்கு 48 வோல்ட் பேட்டரி வரிசையும் 230 வோல்ட் ஒயரிங்கும். அதனோடு, பசுமை வீடுகளில் இருந்ததைப் போன்று, தனிச் சிறு பேனலும் தனிப் பேட்டரியும் கொண்ட 12 வோல்ட் விளக்கு வழி ஒன்று. இன்வெர்ட்டர் இடிமின்னலில் கருகி, திண்டுக்கல்லிலிருந்து பழுது பார்ப்பவர் வர மூன்று நாள் ஆகும் நிலையில், சமையலறையிலும் வாசலிலும் எரியும் இரண்டு விளக்குகள் பாம்பும் தேளும் நடமாடும் தோட்டத்தில் ஆடம்பரமல்ல. சின்னாளபட்டியை ஒட்டி 1956 முதல் ஊரகக் கல்வியை வளர்த்துவரும் காந்திகிராமம் போன்ற நிறுவனங்களும், மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளூர் எலக்ட்ரீஷியன்களுக்கு நேர்மின்சார ஒயரிங்கைக் குறுகிய காலப் பயிற்சியாகவேனும் கற்பிப்பது இன்றைய தேவை. வீடு கட்டத் தொடங்கியிருப்போர் அதுவரை காத்திராமல், சுவர் பூசுவதற்கு முன்பே 230 வோல்ட்டுக்கான குழாயோடு 12 வோல்ட் வழிக்கென இரண்டாவது குழாயையும் பதித்துவிட வேண்டும். பூசிய சுவரை உடைத்துப் பின்னர் பதிப்பதற்கு ஆகும் செலவு அந்தக் குழாயின் விலையைப் போலப் பன்மடங்கு.